பொது மொபைல் நெட்வொர்க் மேல லொகேஷன் சர்வீஸ் கட்டுறது எப்படி: வரிசை மாறாம ஒரு முழு வழிகாட்டி

லொகேஷன் வச்சு ஒரு சர்வீஸ் கட்டலாம்னு உட்கார்ற புது ஆட்கள் முக்கால்வாசி பேர் முதல்ல மேப்பைத்தான் திறக்குறாங்க. ஸ்கிரீன்ல நீலப் புள்ளி நகர ஆரம்பிச்சதும் பாதி வேலை முடிஞ்ச மாதிரி ஒரு நெனப்பு வந்துடுது. மேப்ல காட்டுறதுதான் இருக்கறதுலயே லேசான வேலை. அந்தப் புள்ளி எங்கேர்ந்து வந்துச்சு, எத்தனை மீட்டர் வரைக்கும் நம்பலாம், எப்ப எடுத்தது, உங்க சர்வருக்கு எப்ப வந்து சேரும், இந்த நாலுலதான் மொத்தக் கஷ்டமும் இருக்கு.

இது சொந்தமா டவரோ வைஃபை பாக்ஸோ இல்லாதவங்களுக்கான வழிகாட்டி. போன் பயனாளரோடது, மொபைல் நெட்வொர்க் வேற ஒரு கம்பெனியோடது, பொது இடத்து வைஃபை இன்னொருத்தரோடது. இதுல எதுவுமே உங்க கட்டுப்பாட்டுல இல்ல. கீழ சொல்ற பாதி விஷயத்துக்கு அதுதான் காரணம்.

1. கோட் எழுதறதுக்கு முன்னாடி கேள்வியை எழுதுங்க

உங்க சர்வீஸ் என்ன கேள்விக்குப் பதில் சொல்லப் போகுது? "இவர் இப்ப எங்க இருக்கார்" ஒரு கேள்வி. "இவர் இந்த எல்லைக்குள்ள வந்துட்டாரா" வேற கேள்வி. "இவருக்குப் பக்கத்துல என்ன இருக்கு" மூணாவது. "எந்த வழியா போனார்" நாலாவது. பார்க்க ஒண்ணு மாதிரி இருந்தாலும் நாலுக்கும் பேட்டரி செலவு வேற, பர்மிஷன் வேற, சர்வர் டிசைனும் வேற.

கேள்விக்குப் பக்கத்துல ரெண்டு நம்பர் எழுதுங்க: எத்தனை மீட்டர் தப்பு வரைக்கும் பரவாயில்ல, எத்தனை செகண்ட் பழசு வரைக்கும் பரவாயில்ல. பக்கத்துல இருக்கற மருந்துக்கடையைக் காட்ட 500 மீட்டர் தப்பும் அஞ்சு நிமிஷப் பழசும் தாராளமா போதும். வண்டி எந்தப் பக்கத்து கேட்ல நிக்குதுன்னு சொல்லணும்னா 10 மீட்டரும் சில செகண்டும் வேணும். இந்த ரெண்டு நம்பரையும் எழுதாம ஆரம்பிக்கறவங்க எப்பவும் "முடிஞ்ச வரைக்கும் துல்லியமா" அப்படிங்கற செட்டிங்கைப் போட்டுடறாங்க, அப்புறம் ஆப் பேட்டரியைத் தின்னுதுன்னு ரிவ்யூ வந்ததும் எதைக் குறைக்கறதுன்னே தெரியாம முழிக்கறாங்க.

2. கையில என்னென்ன இருக்கணும்

குறைஞ்சது மூணு போன். அதுல ஒண்ணு பழசா, விலை குறைஞ்சதா இருக்கட்டும். வேற வேற நெட்வொர்க்கோட ரெண்டு சிம். ஹெச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைப்பு) போட்ட டொமைன், ஏன்னா பிரவுசர் வழியா லொகேஷன் கேக்கறதுக்கு அது கட்டாயம். 2016ல வந்த குரோம் 50லேர்ந்தே பாதுகாப்பு இல்லாத பக்கங்களுக்கு லொகேஷன் கிடைக்காது. இடம் சார்ந்த தேடல் தெரிஞ்ச ஒரு டேட்டாபேஸ், போஸ்ட்ஜிஐஎஸ் மாதிரி. அப்புறம் எந்தத் தகவலை எதுக்கு எடுக்கறீங்க, எத்தனை நாள் வச்சிருப்பீங்கன்னு எளிய மொழியில எழுதின ஒரு பக்கம். இந்தக் கடைசி ஐட்டத்தை எல்லாரும் ரிலீசுக்கு முந்தின நாள் ராத்திரி எழுதறாங்க. முன்னாடியே எழுதிப் பாருங்க, தேவையே இல்லாம எதையெல்லாம் சேகரிக்க இருந்தோம்னு அப்பவே தெரிஞ்சிடும்.

3. லொகேஷன் எங்கேர்ந்து வருதுன்னு புரிஞ்சுக்கோங்க

இந்த இடத்துல கொஞ்சம் நிதானமா இருங்க, பின்னாடி வர்ற பிழைகள்ல பெரும்பாலானது இங்கேர்ந்துதான் கிளம்புது.

ஜிபிஎஸ்: உயரத்தோட சேர்த்து இடம் கணிக்க நாலு சாட்டிலைட் சிக்னலாவது வேணும். திறந்த வானத்துக்குக் கீழ சாதாரண போன் சுமார் 5 மீட்டர் அளவுக்குச் சொல்லும். கட்டடத்துக்குள்ள சிக்னல் வராது, இல்லைன்னா சுவத்துல பட்டுத் திரும்பி தப்பா வரும். இன்னொரு விஷயம், சாட்டிலைட் தன் பாதைத் தகவலை செகண்டுக்கு 50 பிட் வேகத்துல, 30 செகண்டுக்கு ஒரு தடவைதான் திருப்பி அனுப்புது. அதனால சுத்தமா புதுசா ஆரம்பிக்கற போன் அரை நிமிஷமாவது காத்திருக்கணும். மொபைல் நெட்வொர்க் இருந்தா இதே தகவலை இன்டர்நெட் வழியா வாங்கிக்கிட்டு சில செகண்ட்லயே ஆரம்பிச்சிடும். அசிஸ்டட் ஜிபிஎஸ்னு சொல்றது இதைத்தான். டேட்டா இல்லாத இடத்துல உங்க ஆப் மெதுவா இருக்கறதுக்கு காரணமும் இதுவே, கோட்ல தேடாதீங்க.

வைஃபை: போன் சுத்தி இருக்கற வைஃபை பாக்ஸ்களோட அடையாள எண்ணைப் பார்த்து, ஏற்கனவே சேகரிச்சு வச்ச பெரிய பட்டியல்ல ஒப்பிட்டு இடம் சொல்லும். கனெக்ட் ஆகத் தேவையில்ல, கண்ணுல பட்டா போதும். நகரத்துல கட்டடத்துக்குள்ள இதுதான் கை கொடுக்கும். ஆனா யாராவது வீடு மாறி பாக்ஸையும் தூக்கிட்டுப் போனா, பட்டியல் புதுப்பிக்கற வரைக்கும் பழைய இடத்தையே காட்டும். பஸ்லயும் ரயில்லயும் இருக்கற வைஃபையும் இதே குழப்பத்தைப் பண்ணும். திடீர்னு ஒருத்தர் பல கிலோமீட்டர் தாவிட்டுத் திரும்பி வந்தா முதல்ல இதைச் சந்தேகப்படுங்க.

டவர்: எந்த செல்லோட போன் பேசுதுங்கறதை வச்சு. நெருக்கமான நகரத்துல சில நூறு மீட்டர், ஊருக்கு வெளியே பல கிலோமீட்டர். துல்லியம் கம்மி, ஆனா பேட்டரி செலவு கிட்டத்தட்ட இல்ல.

ஐபி அட்ரஸ்: மொபைல் நெட்வொர்க்ல இதை நம்பவே நம்பாதீங்க. ஒரே பொது ஐபியை நிறைய பேர் பங்கு போட்டுக்கறாங்க, அந்த ஐபி வெளியே வர்ற கேட்வே வேற நகரத்துல இருக்கலாம். ரோமிங்ல இருக்கறவரோட டேட்டா பெரும்பாலும் அவர் சொந்த நாட்டு நெட்வொர்க்குக்குப் போய்த்தான் வெளியே வரும், அதனால அவர் நிக்கறது ஒரு நாடு, ஐபி காட்டுறது இன்னொரு நாடு. மொழி, நாணயம் மாதிரி விஷயத்தை யூகிச்சு முதல் பக்கத்துல வைக்க மட்டும் பயன்படுத்துங்க, அதையும் மாத்திக்க வழி கொடுங்க.

ஆபரேட்டர்கிட்டயே கேக்கறது: மொபைல் கம்பெனிகளோட உலகச் சங்கமான ஜிஎஸ்எம்ஏ 2023ல அறிவிச்ச ஓபன் கேட்வே முயற்சியோட சேர்ந்து, கமாராங்கற திறந்த மூலத் திட்டத்துல லொகேஷன் வெரிஃபிகேஷன் ஏபிஐ (ஒரு சாஃப்ட்வேர் இன்னொண்ணுகிட்ட கேள்வி கேக்கற வழி) இருக்கு. "இந்த நம்பர் இந்த வட்டத்துக்குள்ள இருக்கா"ன்னு கேட்டா ஆமா, இல்ல, பாதி, தெரியாது இப்படிப் பதில் வரும். போன்ல இருக்கற ஆப் பொய்யான லொகேஷன் கொடுக்குதான்னு குறுக்கே சரிபார்க்க இது நல்லா உதவும். ஆனா ஆபரேட்டரோட ஒப்பந்தம் வேணும், பயனாளர் சம்மதம் வேணும், எல்லா நெட்வொர்க்லயும் கிடைக்காது. முதல் வெர்ஷனுக்கு இதை வச்சுக்க வேண்டாம்ங்கறது என் கருத்து.

4. பர்மிஷனைத் தேவைப்படுற நிமிஷத்துல கேளுங்க

ஆப் திறந்த உடனே லொகேஷன் பர்மிஷன் கேக்கறது ரொம்பப் பெரிய தப்பு. ஐபோன்ல ஒரு தடவை மறுத்துட்டா அந்த டயலாக் மறுபடி வராது. ஆண்ட்ராய்டு 11லேர்ந்து ஒரே பர்மிஷனை ஒருத்தர் ரெண்டு தடவை மறுத்துட்டா டயலாக் அதுக்கப்புறம் வராது, அவரே செட்டிங்ஸ் போய்த் திறந்தாத்தான் உண்டு. அதனால அவர் "பக்கத்துல தேடு" பட்டனை அழுத்தின பிறகு, எதுக்குக் கேக்கறோம்னு உங்க வார்த்தையில ஒரு வரி காட்டிட்டு அப்புறமா சிஸ்டம் டயலாக்கைக் கூப்பிடுங்க.

பின்னணி லொகேஷன் தனிக் கதை. ஆண்ட்ராய்டு 10லேர்ந்து அது தனி பர்மிஷன், 11லேர்ந்து ரெண்டையும் சேர்த்துக் கேக்க முடியாது. முதல்ல ஆப் திறந்திருக்கும்போதுக்கான பர்மிஷன் வாங்குங்க, அதோட பயன் அவருக்குப் புரிஞ்ச பிறகு, உண்மையிலேயே தேவைன்னா மட்டும் அடுத்ததைக் கேளுங்க.

ஆண்ட்ராய்டு 12, ஐஓஎஸ் 14லேர்ந்து பயனாளர் தோராயமான லொகேஷன் மட்டும் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தா சில கிலோமீட்டர் அகலத்துல ஒரு பகுதிதான் உங்களுக்குத் தெரியும். "துல்லியமா கொடுத்தாத்தான் உள்ள விடுவேன்"னு கதவை மூடாதீங்க. மழை வருமான்னு சொல்ல அது போதும். போதாத வேலைக்கு மட்டும் இடத்தைக் கையால டைப் பண்ண ஒரு பெட்டி வைங்க. பர்மிஷன் மொத்தமா மறுத்தவருக்கும் அதே பெட்டி உதவும், ஆக அதை முதல்லயே கட்டிடுங்க.

5. ஒரு லொகேஷனை எடுக்கும்போது இடம், துல்லிய ஆரம், நேரம் மூணையும் சேர்த்தே எடுங்க

அட்சரேகை, தீர்க்கரேகை ரெண்டை மட்டும் எடுத்து சேவ் பண்றதைத்தான் புதுசா வர்றவங்க எல்லாரும் பண்றாங்க. அதோட துல்லிய ஆரம், எடுத்த நேரம் ரெண்டும் இல்லாம அந்த எண்களுக்கு மதிப்பே இல்ல. அதை ஒரு புள்ளின்னு நினைக்காம, நேரம் போட்ட ஒரு வட்டம்னு நினைங்க.

ஒரு உதாரணம் பாருங்க. போன் ஒரு லொகேஷன் கொடுக்குது, துல்லியம் 1400 மீட்டர், எடுத்து 9 நிமிஷம் ஆச்சு. இதை அப்படியே மேப்ல ஊசி மாதிரி குத்தினா அவர் நிக்காத தெருவுல நிக்கறதா காட்டும். ஆனா "பக்கத்துல என்ன இருக்கு" கேள்விக்கு முதல் பட்டியலை உடனே காட்ட இது போதும், பின்னாடியே புது லொகேஷன் கேட்டு வந்ததும் பட்டியலைத் திருத்திக்கலாம். "எல்லைக்குள்ள வந்தாரா" கேள்விக்கு இதைத் தூக்கிப் போட்டுடணும். ஒரே தகவல்தான், கேள்வியைப் பொறுத்து முடிவு மாறுது. முதல் படியில எழுதின ரெண்டு நம்பர் இங்கதான் வேலைக்கு வருது.

இதுல ஒரு கண்ணி இருக்கு. ஆண்ட்ராய்டு கொடுக்கற துல்லிய ஆரம் 68 சதவீத நம்பிக்கைக்கானது, அதாவது மூணுல ஒரு தடவை ஆள் அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கலாம். பிரவுசர் ஏபிஐயோட வரையறை 95 சதவீதம். ரெண்டையும் டேட்டாபேஸ்ல ஒரே நெடுவரிசையில போட்டு ஒப்பிட்டீங்கன்னா வெப் பயனாளர்கள் எல்லாம் மோசமான போன் வச்சிருக்கற மாதிரி ரிப்போர்ட் வரும். எந்த வகையில வந்ததுன்னு ஒரு நெடுவரிசை சேர்த்துடுங்க. ஐஓஎஸ்ல துல்லியம் மைனஸ்ல வந்தா அந்த லொகேஷனே செல்லாது, அதையும் வடிகட்டணும்.

கடைசியா தெரிஞ்ச லொகேஷனைக் கேக்கற ஃபங்ஷன் காலியாவும் வரலாம், ரொம்பப் பழசாவும் வரலாம், ரெண்டையும் எதிர்பார்த்து எழுதுங்க. போலி லொகேஷன் ஆப்ல இருந்து வந்ததான்னு ஆண்ட்ராய்டு ஒரு அடையாளம் கொடுக்கும், அதைச் சேவ் பண்ணுங்க, ஆனா அதை மட்டும் நம்பி யாரையும் தடை பண்ணாதீங்க. ஏமாத்தணும்னு இருக்கறவங்க அதையும் மறைச்சிடுவாங்க.

6. நெட்வொர்க் அறுந்துபோகும்னு வச்சுக்கிட்டே அனுப்புங்க

லொகேஷன் எடுத்த உடனே நேரா சர்வருக்கு அனுப்பாதீங்க. முதல்ல போன்லயே ஒரு வரிசையில சேவ் பண்ணுங்க, அங்கிருந்து அனுப்புங்க, சர்வர் "வாங்கிட்டேன்"னு உங்க சொந்த வடிவத்துல பதில் கொடுத்த பிறகுதான் வரிசையிலேர்ந்து எடுங்க. லிஃப்ட், சுரங்கப்பாதை, டவர் மாற்றம் எல்லாத்துலயும் டேட்டா தப்பிச்சுக்கும்.

பொது வைஃபைல லாகின் பக்கம் குறுக்கே வரும். போன் கனெக்ட் ஆன மாதிரி காட்டும், வெளியே ஒரு பைட்டும் போகாது. சாதாரண ஹெச்டிடிபியா இருந்தா அந்த லாகின் பக்கமே 200 (எல்லாம் சரி) பதிலோட வந்து நிக்கும், உங்க கோட் அதை வெற்றின்னு எடுத்துக்கிட்டு வரிசையைக் காலி பண்ணிடும். அதனாலதான் சொந்த வடிவத்துல பதில் வேணும்னு சொன்னேன். பதில்ல நீங்க எதிர்பார்க்கற குறி இல்லைன்னா போய்ச்சேரலைன்னு வச்சுக்கோங்க.

ஒவ்வொரு பதிவுக்கும் போன்லயே ஒரு தனி அடையாளம் போடுங்க. சர்வர் வாங்கிடுச்சு ஆனா பதில் வர்றதுக்குள்ள சிக்னல் போயிடுச்சுன்னா போன் மறுபடி அனுப்பும், அதே அடையாளம் ரெண்டாவது தடவை வந்தா சர்வர் பேசாம ஒதுக்கிடலாம். எடுத்த நேரம், வந்து சேர்ந்த நேரம் ரெண்டையும் தனித்தனியா வைங்க, வரிசைப்படுத்தறது எப்பவும் எடுத்த நேரத்தை வச்சு. இல்லைன்னா பத்து நிமிஷம் கழிச்சு வந்த பழைய பதிவு "இப்ப இங்க இருக்கார்"னு புதுசை மூடிடும். நேரடி டிராக்கிங்ல ஆள் பின்னோக்கிப் போற மாதிரி தெரிஞ்சா காரணம் பெரும்பாலும் இதுதான்.

அவசரமில்லாததை மொத்தமா சேர்த்து அனுப்புங்க. மொபைல் ரேடியோ ஒரு சின்ன பாக்கெட் அனுப்பினாலும் அதுக்கப்புறம் பல செகண்ட் முழிச்சுக்கிட்டே பவர் இழுக்கும், ஆக பத்து தடவை தனித்தனியா அனுப்பறதும் ஒரே தடவை பத்தையும் அனுப்பறதும் பேட்டரிக்கு ஒண்ணு இல்ல.

சொந்தமா ஒரு கனெக்ஷனை எப்பவும் திறந்து வச்சுக்கற யோசனையும் நிறைய பேருக்கு வரும். சும்மா இருக்கற கனெக்ஷனை நெட்வொர்க் நடுவுல சத்தமில்லாம வெட்டிடும், ரெண்டு பக்கத்துக்கும் தெரியாது. போனை எழுப்பணும்னா ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் கொடுக்கற புஷ் சேவையையே பயன்படுத்துங்க. லாகின் செஷனை ஐபி அட்ரஸோட கட்டாதீங்க, வைஃபைலேர்ந்து டேட்டாவுக்கு மாறின அடுத்த நிமிஷமே ஐபி மாறிடும்.

7. சேவ் பண்றதும் தேடறதும்

முதல் கண்ணி ரேகைகளோட வரிசை. ஜியோஜேசன் (இடத் தகவலை எழுதற ஒரு வடிவம்), போஸ்ட்ஜிஐஎஸ், ரெடிஸ் (இன்னொரு டேட்டாபேஸ்) எல்லாத்துலயும் தீர்க்கரேகை முதல்ல. மேப் காட்டற லீஃப்லெட், கூகுள் மேப்ஸ்ல அட்சரேகை முதல்ல. மாத்திப் போட்டா 90க்கு மேல தீர்க்கரேகை இருக்கற இடங்கள்ல எர்ரர் வரலாம், வந்தா நல்லது, பிடிச்சிடலாம். 90க்குக் கீழ இருந்தா எந்த எர்ரரும் வராம உலகத்தோட வேற மூலையில போய் உட்காரும். டெஸ்ட் டேட்டாவுல ரெண்டு ரேகைக்கும் நல்லா வித்தியாசமான எண் இருக்கற இடமா தேர்ந்தெடுங்க.

ரெண்டாவது தூரம். ஒரு டிகிரி அட்சரேகை எங்கேயும் சுமார் 111 கிலோமீட்டர். தீர்க்கரேகை அப்படி இல்ல, 60 டிகிரி அட்சரேகையில அதுல பாதிதான். டிகிரியைக் கழிச்சு தூரம்னு சொல்றது அதனால தப்பு. போஸ்ட்ஜிஐஎஸ்ல ஜியாகிரஃபி வகையைத் தேர்ந்தெடுத்தா ஆரத்தை மீட்டர்லயே கொடுக்கலாம், ஜியாமெட்ரி வகையில டிகிரியா இருந்தா 500ன்னு கொடுக்கறது 500 டிகிரி ஆயிடும், உலகமே பதிலா வரும்.

ஜியோஹேஷ் (உலகத்தைக் கட்டங்களா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் எழுத்துக் குறி கொடுக்கற முறை) பயன்படுத்தறவங்க பக்கத்து எட்டுக் கட்டத்தையும் சேர்த்துத் தேடணும். ஆறு எழுத்து கட்டம் சுமார் 1.2 கிலோமீட்டருக்கு 0.6 கிலோமீட்டர், பயனாளர் அதோட ஓரத்துல நின்னா ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கற கடை அடுத்த கட்டத்துல விழுந்து தேடல்ல வராமலே போகும். தசமப் புள்ளிக்கு அப்புறம் அஞ்சு இலக்கம் போதும், அதுவே சுமார் ஒரு மீட்டர்.

மேப்ல காட்டும்போது துல்லிய ஆரத்தை வட்டமாவே வரையுங்க, பழசா இருந்தா "8 நிமிஷம் முன்னாடி"ன்னு பக்கத்துலயே எழுதுங்க.

8. எல்லை வச்சு அலர்ட் கொடுக்கறது

ஜியோஃபென்ஸை, அதாவது மேப்ல நீங்க போடற எல்லையை, நீங்களே ஒவ்வொரு நிமிஷமும் லொகேஷன் எடுத்துக் கணக்குப் போடாதீங்க, போன் சிஸ்டத்துக்கிட்டயே விட்டுடுங்க, அது டவரையும் வைஃபையையும் வச்சு பேட்டரி மிச்சம் பண்ணி வேலை செய்யும். ஆனா ஐஓஎஸ் ஒரு ஆப்புக்கு 20 எல்லை, ஆண்ட்ராய்டு 100 எல்லைதான் கொடுக்கும். ஆயிரம் இடம் இருந்தா, அவருக்குக் கிட்ட இருக்கற சிலதை மட்டும் பதிவு பண்ணி, அவர் நகர நகர மாத்திக்கிட்டே வாங்க.

ஆரம் 100 மீட்டருக்குக் கீழ வைக்காதீங்க. பின்னணியில அலர்ட் ரெண்டு மூணு நிமிஷம் தாமதமா வரலாம், வேகமா வண்டியில போறவர் சின்ன எல்லையைத் தாண்டியே போயிருப்பார். ஓரத்துல நிக்கறவருக்கு உள்ளே, வெளியே, உள்ளேன்னு மாறி மாறி அலர்ட் போகும். உள்ளே வர ஒரு ஆரமும், வெளியே போனதா எடுத்துக்க அதைவிடப் பெரிய ஆரமும் வச்சா இது நிக்கும்.

9. எப்ப அழிப்பீங்கன்னு இப்பவே முடிவு பண்ணுங்க

பெயரை நீக்கிட்டா லொகேஷன் டேட்டா பாதுகாப்பாயிடும்னு நினைக்கறவங்க நிறைய. 2013ல வெளிவந்த ஒரு ஆய்வு 15 லட்சம் பேரோட 15 மாச மொபைல் டேட்டாவைப் பார்த்துச்சு. டவர் அளவு துல்லியத்துல, மணிக்கணக்கு நேரத்துல, வெறும் நாலு இடம் தெரிஞ்சாலே 95 சதவீதம் பேரைத் தனியா பிரிச்சுடலாம்னு காட்டுச்சு. ராத்திரி எங்க தூங்கறார், பகல்ல எங்க உட்கார்றார்ங்கறதே ஒருத்தர் பெயர் மாதிரிதான்.

அதனால வேலைக்குத் தேவையான துல்லியத்துக்கு ரவுண்ட் பண்ணி சேவ் பண்ணுங்க, பயணம் முடிஞ்ச பிறகு பாதை தேவையில்லைன்னா அதை அழிக்கற வேலையை முதல் வெர்ஷன்லயே தானா ஓடற மாதிரி வைங்க. பேக்கப், சர்வர் லாக், அனலிடிக்ஸ் மூணுலயும் ஒரு காப்பி ஒளிஞ்சிருக்கும், குறிப்பா ரேகைகளை யூஆர்எல்லயே போட்டு அனுப்பினா ஒவ்வொரு லாக்லயும் அது பதிஞ்சிடும். யூஆர்எல்ல போடாம, போஸ்ட் கோரிக்கையோட உள்ளடக்கத்துல (பாடி) அனுப்புங்க. இதுல அலட்சியமா இருந்தா அடி படறது நீங்க இல்ல, உங்களை நம்பி பர்மிஷன் கொடுத்தவர்.

10. நடந்து போய் டெஸ்ட் பண்ணுங்க

எமுலேட்டர்ல (கம்ப்யூட்டர்ல ஓடற போலி போன்) லொகேஷன் எப்பவும் துல்லியமா, உடனே, நெட்வொர்க்கோட வரும். வெளியில அப்படி வராது. ரெண்டு சிம் போட்ட ரெண்டு போனை எடுத்துக்கிட்டு ஒரு எல்லையைக் கால்நடையா தாண்டுங்க. மூணு நேரத்தைக் குறிச்சுக்கோங்க: நீங்க தாண்டின நேரம், போன் கவனிச்ச நேரம், சர்வருக்கு வந்த நேரம். முதலுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல இடைவெளி பெருசா இருந்தா சிக்கல் லொகேஷன் செட்டிங்ல இருக்கு. ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல இருந்தா அனுப்பற முறையில இருக்கு. இப்படிப் பிரிச்சுப் பார்க்காம "அலர்ட் லேட்டா வருது"ன்னு மட்டும் சொல்லிக்கிட்டிருந்தா வாரக்கணக்கா தேடுவீங்க.

அதே டெஸ்டை போனைப் பையில போட்டு ஸ்கிரீன் அணைச்சு, பேட்டரி சேவர் போட்டு, தோராய லொகேஷன் மட்டும் கொடுத்து, லாகின் பண்ணாத பொது வைஃபைல கனெக்ட் பண்ணி, டேட்டா அணைச்சுட்டு பத்து நிமிஷம் கழிச்சுப் போட்டு, இப்படி ஒவ்வொண்ணா திருப்பிப் பண்ணுங்க. பழைய போனை இதுக்குத்தான் கேட்டேன், பின்னணி ஆப்பை முதல்ல கொல்றது அதுதான். ரிலீசுக்கு அப்புறமும் சர்வர்ல ரெண்டு அளவைத் தினமும் பாருங்க: வர்ற பதிவுகள்ல துல்லியம் உங்க நம்பருக்குள்ள எத்தனை சதவீதம், வந்து சேர்றப்ப எத்தனை செகண்ட் பழசு. போன் சிஸ்டம் அப்டேட் வந்த வாரத்துல இந்த ரெண்டும் ஆட ஆரம்பிச்சா புதுசா ஒரு பின்னணிக் கட்டுப்பாடு வந்திருக்கான்னு முதல்ல பாருங்க.